எத்தனை நாளாக வலி

கோப்பில் வயது பத்தொன்பது என்றிருந்தது.
எழுதியவர் அவனை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்.
காட்பாடி இரண்டாம் பிளாட்பாரத்தில்
தண்ணீர்க் குழாயடியில் தூங்கியவனைத் தட்டி எழுப்பி
ஊர் கேட்டு, பதில் புரியாமல்,
அந்தப் புரியாமையையும் அவன்மேல் எழுதி
அந்நியர் சட்டத்தில் முடித்திருந்தார்கள்.

இலவச சட்ட உதவி மையம்
என் பெயரைப் போட்டு அனுப்பியது.
கட்டணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கோடு போட்டுப் பழகிய கை எனக்கு.

பையன் பேசுவது பெங்காலி.
சத்துவாச்சாரி கோர்ட்டில் அதை அறிந்தவர்
வக்கீலிலும் இல்லை, டவாலியிலும் இல்லை.
காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்குப் போனேன்.
பலகையில் தமிழுக்குக் கீழே
கொடியில் துணி காயப்போட்டதுபோல் அந்த எழுத்து.
ஆஸ்பத்திரிக்கென்று ரயிலேறி வருகிறவர்களுக்கு
முப்பது வருஷமாய்ச் சாவி எடுத்துத் தரும் பொன்னுரங்கம் சொன்னார்:
"எனக்கு நோவு வார்த்தைதாம்மா தெரியும்.
ஜோர்னா ஜுரம். பேத்தான்னா வலி. ரொக்தோ, ரத்தம்.
கோர்ட்டு வார்த்தைக்கு நான் இன்னாத்த செய்வேன்?"

தெரிந்ததைக் கேளுங்கள், போதும் என்றேன்.
அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார்.

தொரப்பாடி ஜெயில். கம்பி வலைக்கு அந்தப் பக்கம்
முழங்காலைத் தொடும் சட்டைக்குள் மொமினுல்.
மீசை என்று சொல்ல ஒன்றுமில்லை,
உதட்டுக்கு மேல் கொஞ்சம் அழுக்கு.

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு
கவுண்டரில் கேட்கிற மாதிரியே ஆரம்பித்தார்:
கொத்தாய் பேத்தா?
எங்கே வலி?
வெகுநேரம் கழித்து முழங்கையைத் திருப்பிக் காட்டினான்.
ராணிப்பேட்டையில் செருப்படி ஒட்டும் ஷெட்,
சூடான அச்சு, பூட்டிய கதவு.
எல்லாம் கையாலேயே சொன்னான்.

கொதோதின்?
எத்தனை நாளாய்?
இரண்டு மழைக்காலம்.

ஷொங்கே கே ஆச்சே?
கூட யார் வந்திருக்கிறார்கள்?
அறை கொடுக்குமுன் எல்லோரிடமும் கேட்பதுதான்.
பொன்னுரங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"யாரும் இல்லியாம்மா" என்றார்,
பையன் இன்னும் வாயே திறக்காதபோது.

வயசு?
அது லாட்ஜ் ரெஜிஸ்டரில் எழுதுவது, அவருக்குத் தெரியும்.
பொனெரோ. பதினைந்து.
பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்?
பள்ளிக்கூடமே ஆற்றோடு போய்விட்டது,
வீடு போனதற்கு அடுத்த வாரம்.

"பிடிபட்டால் எல்லாருக்கும் பதினைந்துதான்"
என்றது அரசுத் தரப்பு. யாரோ சிரித்தார்கள்.
நீதிபதி சிரிக்கவில்லை.
அடுக்கம்பாறைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.
டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்:
மணிக்கட்டில் எலும்பின் முனை
இன்னும் எலும்போடு சேரவில்லை,
நடுவே நூல் கனத்துக்கு ஓர் இருட்டு.
அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான்
நாற்பது நிமிஷம் வாதாடினேன்.

விடுதலை இல்லை. இடமாற்றம்தான்:
ஜெயிலிலிருந்து குழந்தைகள் இல்லத்துக்கு.
நாடு எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது,
முதலில் அவன் குழந்தை என்று மட்டும் முடிவாயிருக்கிறது.

விருதம்பட்டு போகும் வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.
பாலாற்றுப் பாலத்தில் நெரிசல், வண்டி நின்றது.
மொமினுல் வெளியே பார்த்து ஏதோ கேட்டான்.
அதில் நோவு வார்த்தை ஒன்றுமில்லை;
பொன்னுரங்கத்துக்குப் பாதிதான் பிடிபட்டது.
"தண்ணியெல்லாம் யார் எடுத்துகினு போனாங்கன்னு கேக்கறாம்மா."
நான் மணலைப் பார்த்தேன், லாரித் தடங்களைப் பார்த்தேன்.
அடுத்த வாய்தா பதினேழாம் தேதி என்று சொல்லுங்கள் என்றேன்.

வாய்தாவுக்கு அவரிடம் வார்த்தை இல்லை.
கொஞ்சம் யோசித்துவிட்டு
"அபார் ஆஷ்போ" என்றார்.
மறுபடி வருவோம்.
அறையைக் காலி செய்து, பில் கட்டி,
ஆட்டோவில் ஏறும்போது
நோயாளிகள் அவரிடம் சொல்லிப் போகிற வார்த்தையாம்.
பாதிப் பேர் வந்ததில்லை.

டயரியைப் பிரித்துப்
பதினேழின் கீழே கோடு போட்டேன்.
போதவில்லை என்று பட்டது,
இன்னொன்றும் போட்டேன்.